மூக்கால் பாடினால் கன்ட்ரி ஆகிவிடாது

கன்ட்ரி பாட்டுப் பழக வருகிறவர்களில் பலர் முதலில் பிடித்துக்கொள்வது மூக்கொலியைத்தான். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பேச்சு வாடை வந்துவிட்டால் பாட்டும் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது மேற்பூச்சு. இந்தப் பாணியின் உயிர் மூன்று இடங்களில் இருக்கிறது: குரல் உடையும் இடம், உயிரெழுத்து வளையும் இடம், பாட்டு பேச்சாக மாறும் இடம். மூன்றையும் கற்றுத்தரப் பழைய இசைத்தட்டுகளை விட நல்ல வாத்தியார் கிடையாது.

உடைவுக்கு ஜிம்மி ராட்ஜர்ஸ். மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் ஊர்க்காரர், ரயில்வேயில் பிரேக் ஊழியராக இருந்தவர். 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் அவருடைய முதல் ஒலிப்பதிவு நடந்தது. நெஞ்சுக்குரலிலிருந்து கள்ளக்குரலுக்குச் சட்டென்று தாவுவதுதான் அவருடைய யோடல். மேற்கத்தியச் செவ்வியல் பயிற்சி இந்த இரண்டு குரல்களும் சேரும் விளிம்பைத் தெரியாமல் பூசி மெழுகச் சொல்லும். ராட்ஜர்ஸ் அதையே அழகாக்கிக் காட்டினார். 1949இல் வெளிவந்த 'லவ்சிக் ப்ளூஸ்' பாட்டில் ஹாங்க் வில்லியம்ஸ் அந்த உடைவைச் சொல்லுக்குள்ளேயே கொண்டுவந்தார். தொண்டையை இறுக்கினால் இது வராது. தளர்த்தினால்தான் குரல் தாவும்.

வளைவுக்கு டெக்சாஸ்காரர் லெஃப்டி ஃப்ரிசெல். சிறுவயதில் ராட்ஜர்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். 1950இல் புகழுக்கு வந்த இவர், ஓர் அசையை ஒரே சுரத்தில் முடித்துவிட மாட்டார். உயிரெழுத்தை இழுத்து, மேலும் கீழும் குழைத்து, தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து இறங்குவார். பாடகர் மெர்ல் ஹேகர்ட் இளமையில் இவரை அச்சு அசலாகப் பாடியே பழகினார்.

இந்த இசையில் நகலெடுப்பது பாடத்தின் முதல் படி. 'லவ்சிக் ப்ளூஸ்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்மெட் மில்லர் 1920களில் பாடினார், ரெக்ஸ் கிரிஃபின் 1939இல் பாடினார், அதன் பிறகே அது ஹாங்க் கைக்கு வந்தது. ஆனால் அந்தப் படியிலேயே நின்றுவிடக் கூடாது. 1954இல் ஜார்ஜ் ஜோன்ஸ் முதல் இசைத்தட்டுக்குப் பாட வந்தபோது ஹாங்க், ஃப்ரிசெல், ராய் ஏகஃப் ஆகிய பாடகர்களின் குரல்களையே மாற்றி மாற்றிப் பாடினார். உன் குரல் எங்கே என்று தயாரிப்பாளர் பாப்பி டெய்லி கேட்டார்.

அதற்கான முழுப் பதிலை 1980இல் வெளிவந்த 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே' பாட்டில் கேட்கலாம். சாகும்வரை ஒருத்தியை மறக்காத மனிதனின் கதை. தொடக்க வரிகளை ஜோன்ஸ் பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல அடக்கமாகப் பாடுகிறார். பல்லவியில்தான் குரல் ஏறுகிறது. ஒரு பகுதியைப் பாடாமல் பேசியே விடுகிறார்; பாட்டு பேச்சாக மாறும் இடம் இதுதான். எந்த இடத்திலும் அழுதுகாட்டவில்லை. வளைவெல்லாம் கனமான சொற்களில் விழுகிறது. மற்ற சொற்களை நேராக விட்டுவிடுகிறார். அந்தச் சிக்கனம்தான் கேட்பவரை உலுக்குகிறது.

எனவே பழகுகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் பாட்டின் வரிகளை ராகமில்லாமல், எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்தச் சொல் தானாக அழுத்தம் பெறுகிறது என்று கவனியுங்கள். பிறகு ராகத்தில் பாடி, அந்தச் சொல்லை மட்டும் வளைத்துவிடுங்கள். உடைவைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கதை வேண்டுகிற இடத்தில் மட்டும். உங்கள் ஊர் உச்சரிப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பாதகமில்லை. வரிசையைத் தலைகீழாக்கிப் பாடினால் கேட்பவர் உங்கள் வித்தையைப் பாராட்டுவார். பாட்டில் வரும் மனிதனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டார்.