அலைபவளும் அமர்ந்தவளும்

மெக்ஸிகோவின் நீர்க்கரைகளில் இரவெல்லாம் அழுது அலைபவள் லா யோரோனா. பெற்ற பிள்ளைகளைத் தானே ஆற்றில் மூழ்கடித்தவள். ஸ்பானியர் வருமுன்பே ஒரு பெண் தன் மக்களுக்காக இரவில் அழுத குரல் கேட்டதாக, 16ஆம் நூற்றாண்டில் சஹாகூன் பாதிரியார் தொகுத்த நூல் சொல்கிறது. அவளுக்கு அலைச்சல்தான் கதை. நம் ஊர்க் கதைகளோ, இப்படிப்பட்டவளை எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்கின்றன.

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் வட்டப்பாறையம்மன் சந்நிதி இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி சினம் அடங்காமல் இங்கே வந்தாள் என்பது தலக்கதை. தாயம் ஆடிக்கொண்டிருந்த சிவன் கட்டையைக் கிணற்றுக்குள் தள்ளிவிட, எடுக்க இறங்கியவளை வட்டப்பாறை கொண்டு மூடினாராம். ஊரை அழித்த கோபம் ஊரைக் காக்கும் காவலாயிற்று. பதினைந்து நாள் திருவிழாவும் வந்தது.

மேற்கே திருவாலங்காட்டுப் பழையனூரில் நீலி. கணவனால் கொலையுண்டவள், மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேளாளர் சபையில் அவன் தன் கணவன் என்று அழுகிறாள். அவன் கையிலிருந்த கத்தியை வாங்கச் சொல்கிறாள். அன்றிரவே அவனைக் கொல்கிறாள். அவனுக்கு ஏதும் நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்களித்த எழுபது வேளாளரும், விடிந்ததும் தீப்பாய்ந்தார்கள். சைவ மரபு அந்த வாய்மையைக் கொண்டாடுகிறது. சமண மரபோ ‘நீலகேசி’யில் அவளையே வாதம் செய்யும் அறிஞையாக்கியது. 1936இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த அந்நூல் வழியாக இலக்கிய ஆய்வாளர்கள் அவளை அறிவார்கள்.

குமரி, நெல்லைப் பக்கம் நீலியே இசக்கியம்மன். ஒரு பிள்ளை இடுப்பில், இன்னொன்று வாயில் என்று நிற்கும் அவளை வில்லுப்பாட்டு வழியாக ஆராய்ந்தவர் நாட்டாரியலாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் (1988). கொடூரமாக இறந்தவர் தெய்வமாவதே அந்தப் பாட்டுகளின் உயிர்நாடி என்றார்.

வட மாவட்டங்களில் சுமங்கலியாக இறந்தவள் பூவாடைக்காரி. கல்யாணத்துக்கு முன் பம்பை, உடுக்கை கொட்டி வீட்டுக்கு அழைப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்குச் சாலையோரம் சுமைதாங்கிக் கல். ஆஸ்டெக் மக்களும் பிரசவத்தில் இறந்தவர்களை வணங்கினார்கள். ஆனால் அப்பெண்கள் முச்சந்தியில் இறங்கிப் பிள்ளைகளைத் தாக்குவார்கள் என்று அஞ்சினார்கள். மானிடவியலாளர் இஸபெல் நபோகோவ் (2000) தென்னாற்காட்டுப் பேயோட்டுச் சடங்குகளில் கண்டது, பெண் பேய்களைக் காட்டும் சினிமாவுக்கு நேர்மாறு: இளம் மனைவியரைப் பிடிப்பவை பெரும்பாலும் காதலில் தோற்றுத் தற்கொலை செய்த ஆண் பேய்கள்.

இலக்கியத்துறை நீலியையும், நாட்டாரியல் இசக்கியையும், மானிடவியல் பூவாடைக்காரியையும் தனித்தனியே பிரித்துக்கொண்டன. வட்டப்பாறையாள் தலபுராணத்தோடு நின்றுவிட்டாள். நால்வரையும் சேர்த்து வைத்தால் ஒரு பொதுமை புலப்படுகிறது: பீடம் பெற்ற நால்வர் கையிலும் மனைவி அல்லது தாய் என்ற தகுதிச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டு வாங்காமல் செத்த பெண்களின் கதையையும் இந்தத் துறைகள் சேர்த்துக் கேட்க வேண்டும்.