மே மாதத்துப் பிள்ளைகள்

கேரளத்தில் விதுரையிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் வருகிற ஊர் கல்லாறு. 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற மூலிகை வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர் என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும். அங்கே காட்டோரக் குடி ஒன்றில் ஒரு காணிக்காரப் பாட்டியிடம் வயதைக் கேட்டேன். "எழுபது கழிஞ்ஞு" என்றார். கழிந்து எத்தனை என்றதற்குச் சிரித்துவிட்டு, உள்ளே போய் ஆதார் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். பிறந்த தேதி: 01/01/1950.

அதைக் கைப்பேசியில் இட்டால் இத்தனை ஆண்டு, இத்தனை மாதம், இத்தனை நாள் என்று நொடியில் விடை வந்துவிடும். கணக்கில் பிழை இருக்காது. பாட்டி ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர் என்பதற்குத்தான் சாட்சி இல்லை. தேதி சொல்லத் தெரியாத எத்தனையோ பேருக்கு ஆதாரில் விழுந்த தேதி அது.

கழித்தல் கணக்கைக் குறை சொல்ல அதிகம் இல்லை. இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 31-01-1968-இல் பிறந்தவருக்கு 01-03-2024 அன்று என்ன வயது? 56 ஆண்டு என்பதில் தகராறு இல்லை. மிச்சம்தான் வம்பு. பள்ளியில் படித்தபடி மாதத்திலிருந்து 30 நாள் கடன் வாங்கினால், 31-இல் 31 போய் 1 மாதம், 0 நாள். பிப்ரவரி முடிந்தால் மாதம் முடிந்தது என்பவருக்கு 1 மாதம், 1 நாள். பிப்ரவரிக்கு 31-ஆம் தேதியே கிடையாது, ஆகவே மாதம் நிறையவில்லை என்பவருக்கு வெறும் 30 நாள். பிப்ரவரியின் 29 நாளையே கடன் வாங்கியவருக்கு விடை கழித்தல் ஒன்று! மொத்த நாள்களாக எண்ணினால் மட்டும் எல்லாரும் 20,484 என்கிற ஒரே எண்ணுக்கு வந்து சேர்வார்கள். ஆனால் எந்த விண்ணப்பமும் வயதை நாள்களில் கேட்பதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரன். பிறந்த நாளை முழு நாளாகச் சேர்த்து எண்ணு என்கிறது. அப்படி எண்ணினால், பிறந்தநாளுக்கு முந்தின நாள் முடியும்போதே ஆண்டு நிறைந்துவிடுகிறது. 1956 ஜனவரி 2-இல் பிறந்த ராஜஸ்தான் தேர்வர் ஒருவர், 1984 ஜனவரி 1 அன்று தனக்கு 28 நிறையவில்லை என்று வழக்காடினார். நிறைந்துவிட்டது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே நாள் வித்தியாசத்தில் வயது வரம்பைத் தாண்டியவரானார். மாதத்தின் முதல் தேதியில் பிறந்த அரசு ஊழியர் முந்தின மாதக் கடைசியிலேயே ஓய்வு பெறுவதும் இதே கணக்கில்தான்.

இவையெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் சங்கதிகள். மாதக்கணக்கில் தவறுகிற இடம் வேறு.

கேரளத்தில் ஆண்டுதோறும் மே 31 அன்று அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். மலையாளிகள் மே மாதத்தில் அதிகம் பிறக்கிறார்களா என்ன? ஜூனில் பள்ளி திறக்கும். சேர்க்கும் பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பிறப்புப் பதிவு பரவாத காலத்தில் தலைமையாசிரியர் மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிப் பிள்ளையை உள்ளே விட்டார். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழிவிட்ட கருணை அது. ஐம்பது வருஷம் கழித்து அதற்கு வட்டி கட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

என் அப்பாவும் ஒரு மே மாதத்துப் பிள்ளை. விளவங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அவர் பள்ளியில் சேர்ந்த 1955-இல் அது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. வீட்டு ஜாதகத்தில் அவர் பிறப்பு கொல்லம் 1126, கன்னி 14. ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் கொல்லம் ஆண்டோடு 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரிக்குமேல் 825. ஆக, 1950 செப்டம்பர் 30. பள்ளிப் பதிவிலோ 20-05-1950. அப்போது தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 58. அவர் 2008 மே கடைசியில் மாலை போட்டுக்கொண்டு வீடு வந்தார். நான்கு மாதச் சம்பளம், ஆசிரியர் எழுதிய ஒரு வரியில் போனது.

வீட்டில் அம்மா அவருக்குப் பாயசம் வைத்ததோ கன்னி மாதத்து நட்சத்திர நாளில். அதுவும் ஓரிடத்தில் நிற்காது. சந்திரன் 27 நாளும் கொஞ்சமும் கழித்து அதே நட்சத்திரத்துக்கு வருவதால், நட்சத்திரப் பிறந்தநாள் வருஷத்துக்குப் பத்து நாள்போல முன்னே நகரும். மாத எல்லையைத் தாண்டினால் அடுத்த சுற்றுக்குத் தாவும். யாரும் இதைப் பிழை என்றதில்லை. அந்தக் கணக்கு யாருடைய சம்பளத்தையும் தொடவில்லையே.

அப்படியானால் தேதியை விட்டுவிட்டு ஆளைப் பார்த்து வயது சொல்லலாமா? வலது கையைத் தலைமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்ன பள்ளிக்கூடங்களை என் தலைமுறைக்கு நினைவிருக்கும். கை நீளமான பிள்ளைக்கு யோகம். எலும்பைப் படம் பிடித்துச் சொல்லும் வயதிலும் இரண்டு பக்கமும் இரண்டு ஆண்டு தவறலாம் என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் குறித்தது. சிறார் நீதிச் சட்டம் முதலில் பள்ளிச் சான்றையும், அடுத்து உள்ளாட்சியின் பிறப்புச் சான்றையும் கேட்டுவிட்டு, எலும்புச் சோதனையைக் கடைசியில் வைப்பது இதனால்தான். காகிதத் தேதிக்கு இருக்கிற பெரிய பலம் அது ஆளுக்கு ஆள் மாறாதது. முதியோர் ஓய்வூதியத்துக்கு வந்து நிற்பவரின் நரையை எண்ணும் அதிகாரம் எந்த எழுத்தருக்கும் இல்லை. 60 என்றால் 60.

ஆகவே கழித்தல் இருக்கட்டும். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்காததுதான் என் மனக்குறை. பிறந்த அன்றே பதிந்ததும், பள்ளி வாசலில் உத்தேசமாகச் சொன்னதும், ஆதார் முகாமில் விழுந்ததும் பார்வைக்கு ஒரே எட்டு இலக்கம். திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழையே ஆதாரமாக்கியிருக்கிறது. நல்லது. முன்னால் பிறந்தவர்களின் தேதிகள் பழையபடியே கிடக்கின்றன.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதுக்கு ஆதார் ஆதாரமாகாது, பள்ளி விடுகைச் சான்றிதழின் தேதியை எடுத்துக்கொள் என்றது. அதாவது ஜனவரி ஒன்றைவிட மே இருபது மேல். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத கல்லாற்றுப் பாட்டிக்கு அந்த மே மாதமும் இல்லை.