எர்த்தைத் துண்டித்தால் அளவீடு சரியாகுமா?

மின்வேதியியல் ஆய்வகங்களில் சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்குக் கைமாறும் வைத்தியம் ஒன்று உண்டு. திரையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறினால் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட வேண்டும் என்பதே அது. பல நேரம் இரைச்சல் அடங்கியும்விடுகிறது. அதனால்தான் இந்த வழக்கம் ஒழியவில்லை.

அடங்குவதற்குக் காரணம் உண்டு. மின்வாயின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டென்ஷியோஸ்டாட், கணினி, கலக்கி எல்லாம் வெவ்வேறு சாக்கெட் வழியாக எர்த்தைத் தொடும்போது, அவற்றை இணைக்கும் கேபிள்களோடு சேர்ந்து ஒரு மூடிய சுற்று உருவாகிறது. மெயின்ஸின் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஓரிடத்தில் துண்டித்தால் சுற்று உடைகிறது.

துண்டிப்பு தேவைப்படும் இன்னொரு சூழலும் உண்டு. அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரில், 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் கான்கிரீட் கம்பிகளின் அரிப்பை நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. இத்தகைய ஆய்வில் கட்டடக் கம்பியோ புதைந்த குழாயோ ஏற்கெனவே மண்ணைத் தொட்டிருக்கும். அதை வொர்க்கிங் மின்வாயாக, அதாவது ஆராயப்படும் மின்வாயாக, வைத்தால், எர்த்தோடு இணைந்த சாதாரணக் கருவியில் மின்னோட்டத்தின் ஒரு பகுதி அளக்கும் சுற்றைத் தவிர்த்து மண் வழியே போய்விடும். எண் வரும், ஆனால் பொய்யான எண்.

ஆனால் இந்தத் தேவைக்கு விடை பிளக்கில் இல்லை. எர்த் இரண்டு வேலை செய்கிறது: அளவீட்டுக்கு ஒரு சுழிப்புள்ளி தருகிறது, 230 வோல்ட் கசிந்து கருவியின் கூட்டில் ஏறினால் அதை மண்ணுக்குக் கடத்தி ஃபியூஸை எரிய வைக்கிறது. பின்னைக் கழற்றுகிறவர் முதலாவதைச் சரிசெய்வதாக எண்ணி இரண்டாவதை இழக்கிறார். அமிலக் கரைசலில் நனைந்த கையோடு வேலை செய்யும் மாணவருக்கு இது உயிர் விஷயம். அளக்கும் சுற்றை மட்டும் மிதக்கவிட்டு, கூட்டை எர்த்திலேயே வைத்திருக்கும் கருவிகள் கிடைக்கின்றன. மண்ணைத் தொட்ட மாதிரிகளுக்கு அவையே சரி.

இரைச்சலுக்கு எர்த்தே காரணம் என்ற எண்ணமும் பாதிதான் உண்மை. ரெஃபரன்ஸ் மின்வாயின் நுனியில் சிக்கிய ஒரு காற்றுக்குமிழியோ அடைத்துக்கொண்ட நுண்துளையோ மின்தடையை ஏற்றி இரைச்சலை வரவேற்கும். குமிழியைத் தட்டி வெளியேற்ற அரை நிமிடம் போதும். ரெஃபரன்ஸ் கிளிப் கழன்றாலோ இன்னும் மோசம்: கட்டுப்பாட்டை இழந்த கருவி தன் முழு வோல்டேஜையும் செல்லில் ஏற்றும், வாயு பொங்கும், மாதிரி பாழாகும். செல்லை ஆஃப் செய்த பிறகே கிளிப்பைத் தொட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

கம்பியின் நிறத்தை நம்புவதும் ஆபத்து. காம்ரி கருவியில் பச்சைக் கம்பி வொர்க்கிங் மின்வாய்க்கு உரியது. ஆட்டோலேப் கருவியில் பச்சைதான் எர்த். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தவறும். கிளிப்பில் எழுதியிருப்பதைப் படித்தே மாட்ட வேண்டும்.

கட்டடத்தின் எர்த் குழியையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. திருச்சி வட்டாரத்திலேயே நிலம் ஒரே மாதிரி இல்லை. ஸ்ரீரங்கத்தின் ஈர வண்டலில் எளிதாகக் கிடைக்கும் குறைந்த மண்தடை, கொள்ளிடத்தைத் தாண்டித் திருவெள்ளறைப் பாறைப்பக்கம் எளிதில் கிடைக்காது. கரியும் உப்பும் இட்ட குழிகூட, கோடையில் தண்ணீர் காணாவிட்டால் பெயருக்குத்தான் எர்த்.

எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து இயக்குவது, ஃபாரடே கூண்டைக் கருவியின் தரைமுனையோடு ஒரே இடத்தில் இணைப்பது, மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுவது: இவை பின்னைக் கழற்றுவதன் பலனைப் பெரும்பாலும் தந்துவிடும், அதன் ஆபத்து இல்லாமல். எர்த் பின்னை இழந்த பிளக் உங்கள் ஆய்வகத்தில் இருந்தால், அடுத்த அளவீட்டுக்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.