முன்னம் அற்ற தன்னியக்கம்: வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளும் அகமரபும்

சங்க அகப்பாடல்களில் சிறுமியர் மணலில் சிற்றில் இழைக்கின்றனர், வண்டற்பாவை செய்கின்றனர், சிறுசோறு அடுகின்றனர். இம்மூன்றும் கூடியதே தமிழர் அறிந்த வாழ்க்கைப் பாவனை விளையாட்டு எனலாம். இவ்விளையாட்டில் ஏமாற்றம் இருவழியாக வருகிறது. ஒன்று அலை. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் (124) ஒருத்தி, தன் வண்டற்பாவையைக் கடல் கவர்ந்தமையால் வெகுண்டு, நுண்மணலை வாரிக் கடலையே தூர்க்க முனைகிறாள். மற்றொன்று சிற்றிலைக் காலால் சிதைக்கும் சிறுவன். கலித்தொகையில் தோன்றும் இவனுக்குப் பின்வந்த பிள்ளைத்தமிழ் ஒரு பருவத்தையே ஒதுக்கித் தந்தது. அலையும் சிறுவனும் பாவைக்குப் புறத்தே நிற்பவர். பாவையே எழுந்து நடந்து தன் வீட்டைத் தானே கெடுத்ததாக அகப்புலவர் பாடியதாகத் தெரியவில்லை.

அத்தகைய பாவைகளைக் கணினி படைத்துள்ளது. ‘தி சிம்ஸ்’ முதலிய விளையாட்டுகளில் திரையிலுள்ள மாந்தர் ஆடுவோரின் ஏவலுக்கு அடங்கியும் அடங்காமலும் வாழ்கின்றனர். இம்மாந்தரின் தன்னியக்கம் பற்றி ஆடுவோர் நெடுங்காலமாகக் கூறிவரும் குறை ஒன்றுண்டு: ‘சொன்னதைச் செய்வதில்லை; சொல்லாததைச் செய்கின்றன.’ இக்குறையை அடிமையை வேண்டும் மனத்தின் முணுமுணுப்பு எனத் தள்ளுவோர் உளர். இது உண்மையில் ஒரு திறனாய்வுத் தீர்ப்பு என்பதும், அத்தீர்ப்பைச் சொல்லத் தொல்காப்பியச் செய்யுளியலில் உரிய கலைச்சொல் உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

பொருள் அழைக்க மாந்தர் செல்லுதல்

1985ஆம் ஆண்டில் ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட ‘லிட்டில் கம்ப்யூட்டர் பீப்புள்’ என்னும் விளையாட்டில் ஒரு மனிதன் தன் நாயுடன் ஒரு வீட்டில் குடிபுகுவான். ஆடுவோர் அவனுக்கு ஆணையிட இயலாது. பணிவான வேண்டுகோளைத் தட்டச்சுச் செய்யலாம். அவன் இசையலாம், இசையாமலும் இருக்கலாம். இங்கு மறுப்பு ஏமாற்றம் தரவில்லை. ஆடுவோர் விருந்தினர், அவன் வீட்டுக்குரியவன் என்னும் உறவு தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது.

2000ஆம் ஆண்டில் வில் ரைட் வடிவமைக்க மேக்சிஸ் நிறுவனம் உருவாக்கிய ‘தி சிம்ஸ்’ இவ்வுறவைக் கலைத்தது. 1991ஆம் ஆண்டு ஓக்லாந்துத் தீயில் தம் வீட்டை இழந்து, அதனை மீளக் கட்டமைத்த துய்ப்பிலிருந்து ரைட்டுக்கு இவ்விளையாட்டின் கரு தோன்றியது. ஆடுவோர் வீடு கட்டுவர், மாந்தரைப் படைப்பர், ஆணையிடுவர். ஆணை இல்லாதபோது மாந்தர் தாமே இயங்குவர். முதற் பதிப்பில் பசி, தூய்மை, உறக்கம், உறவாடல் முதலாக எட்டுத் தேவைகள். 2014ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் ஆறு.

இயக்கத்தின் நுட்பம் கருதத்தக்கது. வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன்னால் எத்தேவை எவ்வளவு நிறையும் என்பதைச் சுற்றியுள்ளோர்க்கு ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கும். கட்டில் உறக்கத்தையும் குளிர்பதனப் பெட்டி உணவையும் விளம்பும். அப்போதைய தேவைக்கேற்ப அவ்வறிவிப்புகளுக்கு மதிப்பெண் இடப்பெற்று, மிக்க மதிப்பெண் பெற்ற சிலவற்றுள் ஒன்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படும். எப்போதும் முதலாவதையே தேர்ந்தால் மாந்தர் பொறிபோலத் தோன்றுவர் என்பதனால் குலுக்கல். ஆக, உண்ணும் முறை உண்பவரிடம் இல்லை. உணவுப் பொருளிடம் உள்ளது.

இதனைக் கருப்பொருட் கொள்கையோடு ஒப்பிடுவதற்கு நம் ஆய்வாளர் எவரேனும் விரைவர். ஒப்புமை மேலோட்டமானது. புன்னையும் குருகும் நெய்தல் தலைவிக்கு எதனையும் ஏவுவதில்லை. அவளது இரங்கலே அவற்றைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. உரிப்பொருள் கருப்பொருளை ஆளுகிறது. ‘சிம்ஸ்’ வீட்டில் கருப்பொருள் மட்டுமே உண்டு.

தண்ணீர்க் குவளை

நான்காம் பதிப்பின் ஆறு தேவைகளுள் நீர்வேட்கை இடம்பெறவில்லை. ஆயினும் அதன் மாந்தர் ஓயாமல் எழுந்து சென்று ஒரு குவளை தண்ணீர் எடுத்துக் குடிப்பது ஆடுவோரிடையே பெரிதும் நகைக்கப்பட்ட, பெரிதும் வெறுக்கப்பட்ட செய்கையாகும். உரையாடலின் நடுவே எழுவர். அழும் குழந்தையைக் கடந்து செல்வர். உண்ட தட்டினை அடுக்களைத் தொட்டி அருகிருக்கக் குளியலறைக்குக் கொண்டுசென்று கழுவுவதும் இவ்வகையினது.

கலித்தொகையிலும் தண்ணீர் குடிக்கும் காட்சி ஒன்று உண்டு (குறிஞ்சிக்கலி, 51). முன்பு சிற்றிலைச் சிதைத்துத் திரிந்த அதே குறும்பன் வளர்ந்து, ஒருநாள் வாயிலில் வந்து தண்ணீர் கேட்கிறான். தாய் ஏவ மகள் கொண்டுசெல்கிறாள். அவன் அவள் கையைப் பற்றுகிறான். அவள் அலறித் தாயை அழைக்கிறாள். தாய் ஓடிவந்ததும், நீர் குடிக்கையில் இவனுக்கு விக்கல் எடுத்தது என்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ தாயறியாமல் இவளைக் கடைக்கண்ணால் நோக்கி நகைக்கிறான்.

தன்னியக்கம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டுவதில்லை. தலைவி ஒரு நொடியில் அலறுகிறாள். மறுநொடியில் பொய் சொல்கிறாள். இரண்டும் ஒன்றற்கொன்று முரண். தாயின் ஏவலில் இவ்விரண்டும் இல்லை. எனினும் படிப்போர் எவரும் இவள் ஏன் இப்படிச் செய்தாள் எனச் சலிப்பதில்லை. அலறியது யாரிடம், பொய் கூறியது யாரிடம், அவன் முன்பு யார், இப்போது யார், இதனை இன்று தோழியிடம் ஏன் சொல்கிறாள் என்பன யாவும் பாடலுக்குள் உள்ளன. இங்கு வேட்கை தண்ணீர்மேல் அன்று என்பதைத் தாய் ஒருத்தியைத் தவிர அனைவரும் அறிவர்.

செய்யுளியல் செய்யுளுக்குரியவாக எண்ணும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் என்பன அடங்கும். முன்னம் என்பதும் அவற்றுள் ஒன்று. இவ்விடத்தில் இம்மொழி இன்னார் இன்னார்க்குச் சொல்லுதற்கு உரியது எனப் படிப்போர் உய்த்துணருமாறு அமைவதே முன்னம். சொல்லுக்குக் கூறிய இதனைச் செயலுக்கும் விரித்துக்கொள்ளலாம். விரித்தால் ஆடுவோர் குறையின் உட்பொருள் புலனாகும். ‘சிம்ஸ்’ மாந்தர் கீழ்ப்படியாமை குறையன்று. அவர்தம் செயலில் முன்னம் இல்லாமையே குறை. பொருளின் அறிவிப்பு களனை ஓரளவு அறியும். தேவையின் அளவை அறியும். கேட்போர் யார் என அறியாது. இதற்குமுன் நிகழ்ந்தது யாது எனவும் பெரும்பாலும் அறியாது. கூற்றும் இல்லை. இம்மாந்தர் பேசுவது பொருள் விளங்காத ‘சிம்லிஷ்’ என்னும் ஒலிக்கோவை. பொருளற்ற ஒலியில் ஆடுவோரே பொருளை நிரப்பிக்கொள்வது ஒருவகையில் நன்மைதான். செயலில் அந்நன்மை இல்லை. குளியலறையில் தட்டுக் கழுவுபவனுக்கு எத்தனை கற்பனை செய்தாலும் காரணம் கிட்டுவதில்லை.

திருவள்ளுவர், இரப்போர் இல்லாவிடில் இவ்வுலகின் இயக்கம் மரப்பாவை சென்றுவந்தாற் போலும் என்கிறார் (1058). தேவை மட்டும் இருந்தால் இயக்கம் உயிராகிவிடாது. அத்தேவை மற்றொருவர் முகத்தை நோக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியிடம் எவரும் இரப்பதில்லை.

வாயில் மறுத்தலும் அணைப்பானும்

விளையாட்டை உருவாக்கியோர் இக்குறைக்குத் தந்த விடை ஓர் அணைப்பான். தன்னியக்கத்தை முழுமையாக வைத்துக்கொள்ளலாம், நிறுத்திவிடலாம், நான்காம் பதிப்பில், தேர்ந்த மாந்தருக்கு மட்டும் நிறுத்தலாம். நிறுத்தினால் சொல்லும்வரை உண்ணாது நிற்கும் பாவை எஞ்சும். கீழ்ப்படிதலே கேட்கப்பட்டது எனக் கொண்டமையால் வந்த விடை இது.

ஆடுவோர் கேட்டது வேறு என்பதற்கு மூன்றாம் பதிப்பே (2009) சான்று. அதில் அண்டை வீட்டார் தாமே மணந்து, பணியேற்று, இடம்பெயரும் ஏற்பாடு இருந்தது. ஆடுவோர் பல நாள் உழைத்துக் கட்டிய குடும்பம் ஒன்று காரணமின்றி ஊரைவிட்டே அகன்றுவிடும். இதற்கு மாற்றாக ஆர்வலர் எழுதிப் பரப்பிய நிரல்கள் தன்னியக்கத்தைக் குறைக்கவில்லை. எவர் எவரை எதன்பொருட்டு மணப்பர், பகைப்பர், பிரிவர் என்பதை மேலும் விரித்தன. விருப்பம் குறைய வேண்டும் என்று கேட்டவர் இதனைச் செய்திருப்பாரா?

பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவன் பாணனையோ பாங்கனையோ வாயிலாக விடுக்கிறான். தலைவி மறுக்கிறாள், அல்லது அவள்பொருட்டுத் தோழி மறுக்கிறாள். வாயில் மறுத்தல் அகமாந்தர் தன்னியக்கத்தின் உச்சம். தலைவன் விரும்புவதும், குடும்ப ஒழுங்கு எதிர்பார்ப்பதும் வாயில் நேர்தலே. மறுப்பில் அவள் தன் வரலாற்றைச் சுமந்து நிற்கிறாள். அகமாந்தர்க்கு இயற்பெயர் சுட்டும் வழக்கம் இல்லை. அதனால் அவரை வெறும் அச்சுப் பாத்திரங்கள் எனக் கூறும் போக்கு நம் துறையிலும் உண்டு. அக்கூற்று வாயில் மறுத்தலின்முன் நிற்பதில்லை. பெயர் இட்டும், முகம் வரைந்தும், உடை தைத்தும் படைக்கப்பெற்ற கணினி மாந்தரைவிடப் பெயரற்ற மருதத்தலைவி தன்விருப்பு மிக்கவள்.

ஆடுவோர் எல்லாரும் இத்தகைய நுண்ணுணர்வினர் என்பதும் மிகையே. பாத்திரம் தம் ஒழுக்கக் கணக்கிற்கு அடங்க வேண்டும் என எதிர்பார்க்கும் உள்ளம் அச்சுநூலைப் படிப்போரிடமும் இருந்தது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதையில் தாய், கெடுக்கப்பட்டுத் திரும்பிய மகளின் தலையில் நீர் ஊற்றி அவளை ஏற்றுக்கொண்டது பலருக்கு ஒவ்வவில்லை. ஜெயகாந்தன் அத்தாயைத் திருத்தி எழுதித் தரவில்லை. தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் மகள் வாழ்வு என்னவாகும் என்பதை ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) என்னும் நாவலாக விரித்தார். அணைப்பானை அழுத்தக் கேட்டவர்க்கு, அழுத்தினால் நேரும் விளைவையே விடையாகத் தந்தார் எனலாம்.

அண்ணாவியின் சுவடு

முன்னம் இருந்தால் தன்விருப்பு இன்றியும் பாத்திரம் உயிர்பெறும் என்பதற்குக் கொச்சிப் பகுதியிலேயே சான்றுண்டு. எர்ணாகுளம் மாவட்டத்துக் கோதுருத்து, கோட்டைக்கொச்சி முதலிய கரையோர ஊர்களில் இலத்தீன் கிறித்தவர் நிகழ்த்தும் சவிட்டு நாடகம் தமிழாய்வாளர் மேலும் கவனிக்க வேண்டிய கலை. சார்லமேன் மன்னன் கதையைக் கூறும் ‘காறல்மான் சரிதம்’ இதன் புகழ்பெற்ற நாடகம். அதன் ஆசிரியராக மரபு சுட்டும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழர். பழைய நாடகங்களின் மொழியும் தமிழ் மிக்கது. நடத்துநரை அண்ணாவி என்றே அழைப்பது நம் கூத்து மரபோடு அதனைப் பிணைக்கிறது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் இன்று தமிழ் கேட்பதற்கு வணிகமும் குடிபெயர்வும் காரணம். சவிட்டு நாடகத் தமிழுக்கு வேர் வேறு.

இந்நாடகத்தில் நடிகர் எவரும் தாமாக ஓர் அடியும் வைப்பதில்லை. பலகை மேடை அதிர மிதிக்கும் ஒவ்வொரு சுவடும் அண்ணாவி பயிற்றியது. நற்பாத்திரத்தின் சுவடு வேறு, தீய பாத்திரத்தின் சுவடு வேறு. கீழ்ப்படிதல் இங்கு முழுமையானது. எனினும் பார்ப்போர்க்கு மன்னன் பாவையாகத் தோன்றுவதில்லை. அவன் மிதி அவனுக்கே உரியது. ‘சிம்ஸ்’ ஆடுவோர் அமர்ந்திருப்பது ஏறத்தாழ அண்ணாவியின் இடத்தில்தான். ஆனால் அவர் கையிலுள்ள சுவடுகள் எவருக்கும் உரியன அல்ல. மன்னனும் திருடனும் ஒரே குவளையில் தண்ணீர் எடுக்கச் செல்கின்றனர்.

நினைவு புகுந்த பின்

இக்குறை உருவாக்கியோர்க்கும் மெல்லப் புலப்பட்டது போலும். 2020 நவம்பரில் நான்காம் பதிப்பில், ஒருவர்மீது ஒருவர்க்கு நெடுநாள் நிற்கும் மனவுணர்வுகள் சேர்க்கப்பட்டன. வஞ்சிக்கப்பட்டவர் அதனைச் சிலகாலம் மறவாமல் கசப்புடன் நடந்துகொள்வர். ஊடலுக்கு மிக அருகில் இவ்விளையாட்டு வந்த இடம் இது. தண்ணீர்க் குவளை அப்போதும் நீங்கவில்லை.

2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர், ‘சிம்ஸ்’ விளையாட்டை முன்மாதிரியாகக் கொண்ட சிற்றூர் ஒன்றில் மொழி மாதிரியால் இயங்கும் இருபத்தைந்து மாந்தரைக் குடியேற்றினர். இவர்க்கு நினைவுத்தொகுப்பு உண்டு. நாளுக்குத் திட்டம் உண்டு. நடந்ததை எண்ணிப்பார்க்கும் படிநிலையும் உண்டு. ஒருத்தியின் மனத்தில் விருந்தளிக்கும் எண்ணத்தை இட்டபோது, அழைப்பு வாய்மொழியாகப் பரவிச் சிலர் குறித்த நேரத்திற்கு வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் முன்னணுக்கப் பதிப்பாக வெளிவந்த கொரிய விளையாட்டான ‘இன்ஸோய்’ சிறிய மொழி மாதிரி ஒன்றை இதே நோக்கில் பயன்படுத்துகிறது. கூற்று, காலம், கேட்போர் என இதுவரை இல்லாதிருந்த உறுப்புகள் பாவைக்கு வரத் தொடங்கிவிட்டன.

ஸ்டான்ஃபோர்டு குழுவினர் தாமே பதிவுசெய்துள்ள பிழைகள் இவ்வகையில் பெருமதிப்புடையன. ஒருவர் மட்டுமே புகத்தக்க குளியலறையுள் மற்றொருவரும் புகுகிறார். கடை அடைத்த பின்னரும் உள்ளே செல்கின்றனர். மனைவி ஒருத்தி தன் கணவனிடம் அயலாரிடம் பேசுவதுபோல முறைமை மிக்க சொற்களால் பேசி, உம்மோடு உரையாடியதில் மகிழ்ச்சி என்னும் பாங்கில் விடைபெறுகிறாள். அளவற்ற நூற்சொற்களைப் பயின்ற மாதிரி அது. சொல்லில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் கணவனிடம் தலைவி இவ்வாறு முறைமை பேணினால், அகமரபில் பயின்ற எவரும் அவன் நேற்றிரவு எங்கிருந்தான் என்றே முதலில் கேட்பர். அந்த ஊரில் அப்படிக் கேட்பார் இலர். அவன் எங்கும் சென்றிருக்கவுமில்லை.