குளச்சல் போரும் ‘முதல் வெற்றி’ என்னும் கூற்றும்: ஒரு மறுபரிசீலனை

ஆய்வுச் சுருக்கம்

1741ஆம் ஆண்டு குளச்சலில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைப் பணியச் செய்தது. இந்நிகழ்வு, ஆசியாவில் ஐரோப்பியர் அடைந்த முதல் தோல்வி எனவும், இந்தியாவில் டச்சு ஆதிக்கத்திற்கு முற்றுப்புள்ளி வைத்த போர் எனவும் தொடர்ந்து எழுதப்படுகிறது. இவ்விரு கூற்றுகளையும் இக்கட்டுரை சான்றுகளுடன் ஒப்பிட்டுச் சோதிக்கிறது. இரண்டும் பொருந்தாதவை என்பதையும், இவை நிலைபெற்றதால் போரின் உண்மையான வரலாற்று இடம் மறைந்துபோனது என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: குளச்சல், திருவிதாங்கூர், மார்த்தாண்ட வர்மா, டச்சுக் கம்பெனி, டிலனாய், படை வரலாறு, வரலாற்றெழுத்து.

முன்னுரை

குமரி மாவட்ட வரலாறு பேசும் நூல்களிலும் மேடையுரைகளிலும் குளச்சல் போருக்குத் தனியிடம் உண்டு. அங்கு நிறுவப்பட்டுள்ள வெற்றித்தூண் அந்நினைவைக் காத்து வருகிறது. போரின் நாள் ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் இருவேறாக வழங்குவதே, இதன் அடிப்படைத் தரவுகள்கூடச் செம்மையாக ஒப்புநோக்கப்படவில்லை என்பதைக் காட்டும். பி. சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாறு (1878), வி. நாகம் ஐயா தொகுத்த அரசுக் கையேடு (1906) ஆகியவை சமஸ்தானப் பார்வையிலிருந்து எழுந்தவை. கே.எம். பணிக்கர் 1931இல் மலபாரையும் டச்சுக்காரரையும் பற்றித் தனிநூல் எழுதினார். கம்பெனி ஆவணங்களை விரிவாகப் பயன்படுத்திய மார்க் டி லனாயின் ஆய்வு 1997இல் வெளிவந்தது. ஆய்வு இவ்வளவு தூரம் வந்த பின்னரும் பொதுவழக்குக் கூற்றுகள் மாறாமல் நிற்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதல் கூற்று: ஆசியாவின் முதல் வெற்றி

‘ஐரோப்பியரை வென்ற முதல் ஆசிய அரசு’ என்னும் கூற்றைச் சோதிக்கத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1508இல் சௌல் துறைமுகத்தருகே எகிப்திய மம்லூக் கடற்படையும் குஜராத் கடற்படையும் இணைந்து போர்ச்சுகீசியரைத் தோற்கடித்தன. போர்ச்சுகீசிய ஆளுநரின் மகன் லொரென்சோ டி அல்மெய்டா அப்போரில் இறந்தார். 1510இல் கள்ளிக்கோட்டையைத் தாக்கிய போர்ச்சுகீசியர் சாமூதிரியின் படையிடம் தோற்றுக் கப்பலுக்குத் திரும்பினர். படைத்தலைவர் பெர்னாண்டோ கொட்டினோ கொல்லப்பட்டார், அல்புகெர்க் காயமுற்றார். 1521இல் பிலிப்பைன்சின் மக்டான் தீவில் மகெல்லன் வீழ்ந்தார். அதே ஆண்டில் சீனக் கடற்கரையில் மிங் அரசின் கப்பற்படை போர்ச்சுகீசியரை விரட்டியது.

இலங்கைச் சான்றுகள் இன்னும் வலுவானவை. கண்டி அரசின்மீது படையெடுத்த போர்ச்சுகீசியப் படைகள் 1594இல் தந்துரையிலும், 1630இல் ரந்தெனிவெலவிலும், 1638இல் கன்னொருவையிலும் அழிக்கப்பட்டன. பின்னிரண்டு போர்களிலும் போர்ச்சுகீசியத் தளபதிகளே களத்தில் மாண்டனர்.

டச்சுக்காரரை மட்டும் கணக்கில் கொண்டாலும் முடிவு மாறுவதில்லை. 1662இல் கொக்சிங்காவின் படை ஒன்பது மாத முற்றுகைக்குப் பின் தைவானில் செலாந்தியா கோட்டையைக் கைப்பற்றி, டச்சுக் கம்பெனியை அத்தீவிலிருந்து வெளியேற்றியது. அது குளச்சலுக்கு 79 ஆண்டுகள் முந்தியது. அளவிலும் விளைவிலும் பெரியது. இந்திய மேற்குக் கரையிலேயே, குளச்சலுக்கு இரண்டே ஆண்டுகள் முன்னர், 1739இல், சிமாஜி அப்பாவின் தலைமையில் மராட்டியர் போர்ச்சுகீசியரின் வசாய்க் கோட்டையை வென்றனர்.

எனவே ‘முதல்’ என்னும் அடை எவ்வகையிலும் நிற்காது. டச்சுக் கம்பெனி இந்திய மண்ணில் ஓர் அரசனிடம் அடைந்த பெரிய தோல்வி என்று கூறுவதே சான்றுக்கு உட்பட்டது.

இரண்டாம் கூற்று: டச்சு ஆதிக்கத்தின் முடிவு

குளச்சலுக்குப் பின் டச்சுக்காரர் இந்தியாவை விட்டு அகன்றனர் என்பதும் பிழை. கொச்சி 1795 வரை அவர்கள் கையில் இருந்தது. சோழமண்டலக் கரையில் நாகப்பட்டினம் 1781இல்தான் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. தூத்துக்குடி 1824ஆம் ஆண்டு ஆங்கிலோ-டச்சு உடன்படிக்கையின் வழியாகவே இறுதியாகக் கைமாறியது. இவ்விழப்புகள் ஆங்கிலேயரால் நேர்ந்தவை.

திருவிதாங்கூருக்கும் கம்பெனிக்கும் இடையிலான பகையும் குளச்சலோடு முடியவில்லை. அதனை முடித்தது 1753ஆம் ஆண்டு மாவேலிக்கரை உடன்படிக்கை. மலபார்ச் சிற்றரசர்களுக்கு ஆதரவளிப்பதைக் கம்பெனி கைவிட்டது. அரசர் மிளகு வழங்கவும், கம்பெனி ஆயுதங்கள் தரவும் ஒப்பந்தமாயிற்று. தோற்றவர் ஓடிப்போன கதையாக இதனைப் படிக்க இயலாது. இரு தரப்பும் வணிகக் கணக்குப் பார்த்து எட்டிய உடன்பாடு இது.

தோல்விக்கான சூழலும் கவனிக்கத்தக்கது. மார்த்தாண்ட வர்மாவுடன் முரண்பட்டுப் போருக்கு வழிவகுத்தவர் இலங்கை ஆளுநர் வான் இம்ஹோஃப். ஆனால் 1741இல் அவர் அப்பதவியில் இல்லை. 1740 முதல் புரூய்னிங்க் ஆளுநராயிருந்தார். 1740 அக்டோபரில் பத்தாவியாவில் சீனர் படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து ஜாவாவில் பெரும்போர் மூண்டு 1743 வரை நீடித்தது. கம்பெனியின் தலைமையிடமே நெருக்கடியில் இருந்தமையால் குளச்சலுக்குப் போதிய துணைப்படை வரவில்லை. இதனைச் சுட்டுவது திருவிதாங்கூர்ப் படையின் திறனைக் குறைப்பதாகாது. எதிரி வலிமை குன்றியிருந்த வேளையை அறிந்து முற்றுகையிட்டது மார்த்தாண்ட வர்மாவின் அரசியல் கூர்மைக்குச் சான்றாகும்.

கூற்றுகள் மறைப்பவை

‘முதல் வெற்றி’ என்னும் சட்டகம் இந்தப் போரை ஐரோப்பா–ஆசியா மோதலாக மட்டும் காட்டுகிறது. இம்மோதலின் வேர் மிளகிலும் வேணாட்டு அரசியலிலும் உள்ளது. உள்நாட்டு எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கிய மார்த்தாண்ட வர்மா, அண்டை நாடுகளை இணைத்து மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்க முனைந்தார். கொட்டாரக்கரையை மையமாகக் கொண்ட இளையிடத்து சொரூபத்தின் அரசியைக் கம்பெனி ஆதரித்தது. அவ்வகையில் கம்பெனியின் உதவியை நாடிய உள்ளூர் அரசுகளுக்குக் குளச்சல் வெற்றிச் செய்தியாக இருந்திருக்க முடியாது. காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் ஆகியன அடுத்த சில ஆண்டுகளில் திருவிதாங்கூரோடு இணைக்கப்பட்டன.

அதற்குப் பயன்பட்ட படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தவர் குளச்சலில் சிறைப்பட்ட யூஸ்டேசியஸ் டிலனாய். பொதுநூல்கள் அவரை ‘டச்சு அட்மிரல்’ என்கின்றன. அவர் அட்மிரல் அல்லர். அப்போது இருபத்தைந்து அகவையினர். அவருடைய பெருமை திருவிதாங்கூர்ப் பணியில்தான் தொடங்குகிறது. ‘வலிய கப்பித்தான்’ என வழங்கப்பட்ட அவர், உதயகிரிக் கோட்டையைச் சீரமைத்தார். வடக்கெல்லையில் நெடுங்கோட்டை அரணை வலுப்படுத்தினார். 1789 டிசம்பரில் திப்புவின் முதல் தாக்குதல் அந்த அரணில்தான் முறியடிக்கப்பட்டது. குளச்சலின் நீண்டகால விளைவைத் தேடுவோர் காண வேண்டிய இடம் இதுவே. ஒரு தென்னிந்திய அரசு ஐரோப்பியப் போர்க்கலையைத் தன்வயமாக்கி, நிலையான படையுடைய மையப்படுத்தப்பட்ட அரசாக மாறியது.

பிழை நிலைத்ததற்கு எல்லைப் பிரிப்பும் ஒரு காரணமாகலாம். 1956 நவம்பர் 1இல் குளச்சல், உதயகிரி, பத்மநாபபுரம் ஆகியன தமிழகத்தைச் சேர்ந்தன. திருவிதாங்கூர் அரசின் வரலாறு கேரள வரலாற்றெழுத்தின் பகுதியாயிற்று. களம் ஒரு மாநிலத்திலும் அரசின் வரலாறு மற்றொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தபோது, ஒப்பீட்டுக்கு உட்படாத பெருமைச் சொற்கள் எளிதில் நிலைபெற்றன. மீனவர் துடுப்புகளைத் தோளில் ஏந்திப் படையெனக் காட்டினர் என்பது போன்ற உள்ளூர் வாய்மொழி வழக்குகளும் முறையாகத் தொகுக்கப்படாமல், அலங்காரக் கதைகளாகச் சுருங்கின.

முடிவுரை

குளச்சல் போர் ஆசியாவின் முதல் வெற்றியன்று. டச்சு ஆதிக்கத்தின் முடிவுமன்று. இத்திருத்தம் போரின் மதிப்பைக் குறைக்கவில்லை. அதனைத் திருவிதாங்கூர் அரசுருவாக்கத்தின் திருப்புமுனையாக உரிய இடத்தில் வைக்கிறது. ‘முதல்’ என்னும் சொல்லை விடாது பற்றுவோர், சாமூதிரி, கண்டி, மராட்டியர் ஆகியோரின் வெற்றிகளை வரலாற்றிலிருந்து தம்மையறியாமலே நீக்கிவிடுகின்றனர்.

1777இல் இறந்த டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் உள்ளது. அதன் கல்வெட்டு இலத்தீனிலும் தமிழிலும் அமைந்தது. பகைவனாக வந்து, சிறைப்பட்டு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதே அரசுக்குப் பணிசெய்த ஒருவரின் நினைவை அது தாங்கி நிற்கிறது. குளச்சல் போரைப் பற்றி எழுதுவோர் வெற்றித்தூணுடன் அவ்விருமொழிக் கல்வெட்டையும் சான்றாகக் கொள்வராயின், இப்போரின் வரலாறு இன்னும் முழுமை பெறும்.