புதுமையை எந்தச் சொல்லால் எதிர்கொள்கிறோம்?

புதிய பொருளைப் புகழ விரும்பினால், "துண்டு போட்ட ரொட்டிக்குப் பின் வந்தவற்றுள் இதுவே தலைசிறந்தது" என்பர் ஆங்கிலம் பேசுவோர். ஆர்.எஸ்.புரத்து வகுப்பறையொன்றில் இதை விளக்கியபோது, ரொட்டியை நறுக்குவதும் ஒரு வித்தையா எனக் கொல்லெனச் சிரித்தனர் என் மாணவர். 1928இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் சிற்றூரொன்றில், ரோவெடர் என்பார் அமைத்த பொறி நறுக்கிய ரொட்டி முதன்முதலாக விலைக்கு வந்தது. ஓர் உழைப்பாளியின் பொறியை அம்மக்கள் தம் பேச்சிலேயே குடியேற்றிவிட்டனர். ரொட்டி சுவையானதா என்பது வேறு வழக்கு!

"நம்மூருல என்னங்க சார் சொல்லுவாங்க?" என்றான் ஒருவன். அக்கேள்வி என்னை வீடு வரை துரத்திற்று.

ஆங்கிலமும் புதுமைக்கு மாலை மட்டுமே சூட்டிய மொழியன்று. பழுதாகித் தெருவில் நின்ற மோட்டார் வண்டியைக் கண்டு, "குதிரை ஒன்றைப் பிடி!" என எள்ளி நகைத்தவர் அமெரிக்கர். ஆயின், வண்டி ஓடத் தொடங்கியதும் அந்த ஏளனம் ஓய்ந்தது. நம் சொற்களோ வண்டி ஓடினாலும் ஓய்வதில்லை. "கலி முத்திப் போச்சு" என்பது ஒன்று. "வெள்ளைக்காரன் மூளையே மூளை" என்பது மற்றொன்று; 1937இல் இதே கோவையில் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்து காட்டிய பின்னும் அது ஒழிந்தபாடில்லை.

மூன்றாவதே கொடிது. "இதெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டது!" விமானமா? புட்பகம். தொலைக்காட்சியா? சஞ்சயன். 2019இல் ஜலந்தரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில், கௌரவர் நூற்றுவரும் சோதனைக்குழாய்க் குழந்தைகளே என்று பேசினார் ஒரு துணைவேந்தர். துணைவேந்தர், தோழர்களே! புராணப் பிரசங்கியல்லர்!

ஆண் பெண் சேர்க்கையின்றியும் மகவு பிறக்கும், கம்பியில்லாக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று 1940களில் 'இனிவரும் உலகம்' நூலில் எழுதினார் தந்தை பெரியார். பழைய ஏட்டையா காட்டினார் அவர்? மனிதன் இனிச் செய்யப்போவதையன்றோ காட்டினார்!

1978 ஜூலையில் இங்கிலாந்தில் அத்தகைய முதல் மகவு பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில், கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் தம் முயற்சியால் ஒரு பெண் மகவு பிறந்ததாக அறிவித்தார். அரசு அமைத்த குழு அதை ஏற்க மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடத்துக்குள் பிறந்த நூற்றுவரை நம்பிய நாடு, கண்முன் கிடந்த ஒரு குழந்தையை நம்பவில்லை! அவருடைய குறிப்பேடுகளைப் பின்னாளில் படித்து, அவரே முன்னவர் என ஒப்பியவர் ஆய்வாளர் டி.சி.ஆனந்தகுமார். 1986இல் பிறந்த குழந்தைக்காக இந்தியாவில் முதல்வர் என்ற புகழைப் பெற்றிருந்தவரே அவர்தாம். தம் பெருமையைத் தாமே விட்டுக்கொடுத்த அப்பெருந்தன்மைக்கு எந்தப் புராணத்தில் இடம் தேடுவது?

மறுநாள் அம்மாணவனிடம், கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறைத் தொழிலாளர் புதிய எந்திரம் வந்து இறங்கினால் சொல்வதையே விடையாகக் கூறினேன்: "எங்க, ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க!"

எழுதிக்கொண்டவன், தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்டான்.