நடுத் தண்டவாளத்தின் பெருமை

ஹார்ன்பி டப்ளோ என்னும் மாதிரி ரயில் வரிசையின் ‘டச்சஸ் ஆஃப் அதோல்’ எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவோர், அதன் வார்ப்புடலின் கனத்தையும் செந்நிறப் பூச்சின் மினுக்கையும் வர்ணித்து முடித்த கையோடு, பாதையின் நடுவே கிடக்கும் மூன்றாவது தண்டவாளத்துக்காக வாசகரிடம் மன்னிப்புக் கோருவது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. நிஜமான ரயில்பாதையில் காணாத அந்தக் கம்பி அழகைக் குலைக்கிறதாம். சில வாரங்கள் இந்த எஞ்சினோடு பழகியபின், அந்த மன்னிப்பு அநாவசியமென்றே எனக்குத் தோன்றுகிறது.

1938-ல் லிவர்பூல் நகரத்து மெக்கானோ கம்பெனியார் இவ்வரிசையைத் தொடங்கியபோது, 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தை நடுக்கம்பி வழியே செலுத்தி, ஓரத் தண்டவாளங்கள் இரண்டின் வழியாகவும் திரும்பப் பெற்றார்கள். ஓரங்கள் இரண்டும் ஒரே துருவமாகையால், பாதையைக் கண்ணிபோல் வளைத்துப் புறப்பட்ட தடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தாலும் யாதொரு விபரீதமும் நேர்வதில்லை. வண்டி சுற்றிவந்து, போன வழியே முகத்தை முன்னிட்டுக் கம்பீரமாகத் திரும்புகிறது. இதையே இரு தண்டவாளப் பாதையில் செய்யத் துணிந்தால், இடக்கம்பி சுற்றிவந்து வலக்கம்பியைத் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகும். அதைத் தவிர்க்க, கண்ணியைத் தனியே துண்டித்து, சுவிட்ச் பொருத்தி, வண்டி அதனுள் இருக்கும்போதே துருவத்தை மாற்றும் உபத்திரவத்துக்கு ஆளாக வேண்டும். மேலும், மூன்று தண்டவாளப் பாதையில் ஓரங்களில் ஒன்றில் அழுக்குப் படிந்தாலும் மற்றொன்று காரியத்தை நடத்திவிடுகிறது.

குறை இல்லாமலில்லை. இரு தண்டவாளத்துக்கென்று செய்த எஞ்சின் இந்தப் பாதையில் அசையாது. இந்த டச்சஸை அங்கே கொண்டு வைத்தாலோ, அதன் உலோகச் சக்கரங்களே இரு துருவங்களையும் இணைத்துவிடும். கம்பெனியாரே 1959-ல் இரு தண்டவாளத்துக்கு இறங்கி வந்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

என் எரிச்சலெல்லாம், பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூஜிக்கும் சேகரிப்பாளர்மீதுதான். ஓடாத எஞ்சினில் எண்ணெய் இறுகிப் பிசினாகிறது. அதைத் துடைத்து, கம்யூட்டேட்டரின் கரியைச் சாராயம் தோய்ந்த துணியால் போக்கி, கார்பன் பிரஷ்களைப் பார்த்து மாற்றி, அச்சுகளுக்குத் துளி எண்ணெய் விட்டால், தலைமுறைகள் கடந்த மோட்டாரும் பெரும்பாலும் உயிர்பெறுகிறது. அதற்கு ஒரு திருப்புளியும் சிறிது பொறுமையும் போதும்.

நிஜ ரயிலின் சாயலை மாத்திரம் விரும்புவோர் இரு தண்டவாளத்தையே நாடலாம். நினைத்தபடி பாதை வளைத்து வண்டி ஓட்ட விரும்புவோர், சற்றும் சம்சயமின்றி, மூன்று தண்டவாளத்தை வாங்குவார்களாக.